பக்கத்து சீட்டுக்காரரின் பெயர்

என் கணவர் கீத்தும் நானும் பிரிந்தபோது அவர் காரை எடுத்துக்கொண்டார், நான் கால்பந்து மைதானத்தின் சீசன் சீட்டை எடுத்துக்கொண்டேன். நியூகாசிலில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்த வழக்கில் ஜெயித்தது நான், இந்த பெவர்லிதான் என்பார்கள். கார் நாளைக்கே வாங்கிக்கொள்ளலாம். ஊர் நடுவே குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் மைதானத்தில், கிழக்குப் பக்கம், காற்று அடிக்காத வரிசையில் ஒரு சீட் வேண்டுமென்றால் யாராவது மண்டையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் எனக்குக் கிடைத்த மாதிரி ஒரு வக்கீல் கிடைக்க வேண்டும்.

முதல் நாள் போய் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒல்லியான மனிதர், பெரிய காதுகள், மடியில் ஒரு ஃபிளாஸ்க்.

"வழக்கமா இங்க வர்றவரு வரலியா, கண்ணு?" என்றார்.

"இனிமே வரமாட்டாரு, கண்ணு. விவாகரத்து."

"நல்லதாப் போச்சு. அந்த ஆளுக்கு ஆஃப்சைடே புரியாது."

எங்கள் கல்யாணத்தைப் பற்றி அவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை. அன்று நாங்கள் தோற்றோம். ஆனாலும் நான் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

எங்கள் ஊரில் எல்லோரும் 'கண்ணு'தான். பஸ் ஓட்டுகிறவர் கண்ணு என்பார், பல் பிடுங்குகிற டாக்டர் கண்ணு என்பார். தப்பான இடத்தில் காரை நிறுத்தியதற்கு அபராதச் சீட்டை நீட்டுகிறவர்கூட "என்ன பண்றது, கண்ணு" என்றுதான் நீட்டுவார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதருடன் பெயரே தெரியாமல் ஆயுசு முழுக்க ஓட்டிவிடலாம் என்பதை யாரும் எச்சரிப்பதில்லை. முதல் மாதம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இரண்டாவது சீசனில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஐந்தாவது சீசனில் போய் "உங்க பேரு என்ன?" என்று கேட்டால், இத்தனை நாள் உங்களை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடாதா? அப்படியே பதினேழு சீசன் ஓடிவிட்டது.

மற்றதெல்லாம் தெரியும். பஸ் பணிமனையில் எஞ்சின் பழுது பார்த்தவர். வலது முட்டியில் அறுவை சிகிச்சை, இடது முட்டி வரிசையில் காத்திருக்கிறது. மனைவி இறந்துபோய் ஆறு வருஷம். அந்த வாரம்கூட ஆட்டத்துக்கு வந்தார். அன்று ஃபிளாஸ்க் டீயை மட்டும் மாற்றி மாற்றிக் குடித்தோம். இடைவேளையில் நான் ஹாம் இறைச்சியும் பட்டாணி மசியலும் வைத்த ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுப்பேன். பெரிய பாதி எது என்று பார்த்து அதை எனக்கே திருப்பித் தருவார். நடுவரைத் திட்டும்போது கெட்ட வார்த்தையே வராது. "உங்கம்மாவுக்குத் தெரியுமாடா நீ இங்க வந்து என்ன பண்றேன்னு?" என்று எட்டு வரிசைக்குக் கேட்கும்படி கத்துவார், அவ்வளவுதான்.

என் அக்கா கரோலிடம் அவரைப் பற்றிப் பேசும்போது 'பக்கத்து சீட்' என்பேன். "பக்கத்து சீட்டுக்கு ஜலதோஷம்," "பக்கத்து சீட் புதுக் கோட்டு வாங்கியிருக்காரு" என்று. கரோல் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "நீ பேசுறது நாற்காலியப் பத்தியா மனுஷனப் பத்தியான்னே தெரியல" என்றாள்.

இந்த மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் உட்கார்ந்தபடியே சொன்னார். "அடுத்த சீசன் நான் இருக்க மாட்டேன், கண்ணு. மக டெவனுக்கு வந்துடச் சொல்றா. மாடி ஏற வேண்டாம்னு கீழயே ஒரு ரூம் ஒதுக்கிட்டா."

டெவன் என்றால் நாட்டின் அந்தக் கோடி. "அங்க கால்பந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"கடல் இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அப்போது என் வாயிலிருந்து வந்தது, "நல்லது, முட்டிக்கு நல்லது" என்பதுதான். கடல் எப்படி முட்டிக்கு நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் போகக் கூடாது என்று மனசு அடித்துக்கொண்டது, வாய் மட்டும் கடற்காற்றைப் பற்றி ஏதோ உளறிக்கொண்டே போனது.

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தார். ஜூனில் அதே மைதானத்தில் பாட்டுக் கச்சேரி, ஊரே பைத்தியமாக இருக்கிற அந்தப் பாடகி. மகள் விடைபெறும் பரிசாக இரண்டு டிக்கெட் அனுப்பியிருக்கிறாளாம், யாரையாவது கூட்டிப் போகச் சொல்லி. "வேற யாரத் தெரியும் எனக்கு," என்று அதை என் கையில் வைத்தார். "வழக்கமான நேரம், நம்ம இடத்துல பாக்கலாம்."

"நம்ம இடத்துல," என்றேன் நானும். மைதானம் என்றால் எங்களுக்கு அந்த இரண்டு சீட்தான். டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருமே படித்துப் பார்க்கவில்லை.

கரோல் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். போன் நம்பராவது வாங்கினாயா என்றாள். பெயர் தெரியாமல் எந்தப் பெயரில் நம்பரைச் சேர்த்து வைப்பது என்றேன். அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இதோ பாரு, பெவ். கச்சேரி முடிஞ்சா அந்த மனுஷன் போயிடுவாரு. அப்புறம் நீ டெவன் பூரா போய் 'பக்கத்து சீட், பக்கத்து சீட்'னு கூவிக்கிட்டுத் திரிவியா? பேரக் கேட்டுட்டு வா. இல்லன்னா வீட்டுப் பக்கம் வராத."

பெயரை மட்டுமா கேட்க வேண்டும்? போகாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அதைக் கரோலிடம் சொல்லவில்லை. என்னிடமே இரண்டு மூன்று தடவைதான் சொல்லிப் பார்த்தேன்.

கச்சேரி நாளில் ஊர் மொத்தமும் அந்தப் பாடகி போடுகிற மாதிரி இளஞ்சிவப்புத் தொப்பிக்குள் புகுந்துகொண்டிருந்தது. ஆட்ட நாட்களில் எங்கள் அணியின் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பீரும் கையுமாக மலையேறுகிற அதே தெருவில், கன்னத்தில் மினுமினுப்பு பூசிய பெண்கள் கைகோத்துப் போனார்கள். அவர்களின் அப்பாக்களும் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று குனிந்து நடந்தார்கள். கரோல் என் தலையிலும் ஒன்றை வைத்து அமுக்கி அனுப்பியிருந்தாள்.

கால் தானாக என் வழக்கமான வாசலுக்குப் போனது. டிக்கெட்டை வைத்தால் இயந்திரம் சிவப்பு விளக்கு காட்டுகிறது. மஞ்சள் சட்டை போட்ட காவல் பெண் ஒருத்தி வந்தாள். சட்டையில் ட்ரேசி என்று பெயர் குத்தியிருந்தது. இந்த ஊரில் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறவர்கள் பாக்கியசாலிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது தரை டிக்கெட், கண்ணு. கீழ, புல்தரையில. நிக்கிற இடம்."

"என் சீட் மேல இருக்கு."

"இன்னிக்கு அது உங்க சீட் இல்ல."

பதினேழு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வாதாடிப் பார்த்தேன், பலிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்ச் சுரங்கம் மாதிரி இருந்த வழியில் நுழைந்து வெளியே வந்தால், ஆட்டக்களத்தின் மேலேயே நிற்கிறேன். புல்லின் மேல் பலகை விரித்திருந்தார்கள், ஆனாலும் கீழே இருப்பது அந்தப் புல்தானே. செருப்பைக் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பக்கத்தில் ஒரு பெண் அங்கேயே நின்று கெட்சப் சொட்டச் சொட்ட பர்கர் தின்றுகொண்டிருந்தாள். இது பெனால்டி கட்டத்துக்குள்ள இருக்கு தெரியுமா என்று அவளிடம் சொன்னேன். அவள் எனக்கும் ஒரு வாய் வேண்டுமோ என்று நினைத்து பர்கரை நீட்டினாள்.

அங்கே நின்றபோதுதான் எங்கள் முட்டாள்தனம் முழுசாக உறைத்தது. நாங்கள் ஒருவரையொருவர் அடையாளம் வைத்திருந்தது சீட்டை வைத்துத்தான். இப்போது சீட்டே இல்லாத இடத்தில், ஒரே மாதிரித் தொப்பி போட்ட ஆயிரக்கணக்கான தலைகளுக்கு நடுவே நிற்கிறேன். நிமிர்ந்து கிழக்குப் பக்கம் பார்த்தேன். எங்கள் இரண்டு சீட்டிலும் யாரோ இரண்டு பெண்கள் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து தின்பது போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேட ஆரம்பித்தேன். ஒல்லியான முதுகு கண்ணில் பட்டால் தோளைத் தட்டினேன். ஒருவர் திரும்பி முத்தம் கொடுக்க வந்தார், இன்னொருவர் ஒரு பெண்ணாக இருந்தார். பாடகி மேடைக்கு வந்தாள். பாவம், யாரோ அவளுக்கு சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட உடுப்பை மாட்டிவிட்டிருந்தார்கள். பத்து மைல் தள்ளியிருக்கும் எங்கள் ஜென்ம விரோதி அணியின் நிறம். அவளுக்காகத் தெருவில் படுத்துக் கிடந்து டிக்கெட் வாங்கிய கூட்டம், அவளைப் பார்த்ததும் "ஊ" என்று ஊளையிட்டது. அவள் அதை எங்கள் ஊர் வரவேற்பு என்று நினைத்துக் கும்பிடு போட்டாள். அவரும் இந்நேரம் எங்கேயாவது நின்று ஊளையிட்டுக்கொண்டிருப்பார், அதைச் சேர்ந்து செய்ய முடியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

இரண்டு பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் அமைதி கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுரையீரல் முழுவதையும் போட்டு, "கண்ணூ" என்று கத்தினேன்.

முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன, கண்ணு?" என்றார்கள், ஆளுக்கொரு பக்கமாக. ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார், ஒருவர் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். இந்த ஊர் மக்களைப் போல நல்லவர்கள் உலகத்தில் கிடையாது. அன்றைக்கு அவர்கள் எல்லோரையும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓரத்துக்கு வந்தேன். ட்ரேசி இப்போது அந்தப் பக்கம் காவலுக்கு வந்திருந்தாள். ஒருத்தரைத் தொலைத்துவிட்டேன் என்றேன். பெயர் கேட்டாள். தெரியாது என்றேன்.

"சொந்தமா?"

"இல்ல."

"எத்தனை நாள் பழக்கம்?"

"பதினேழு வருஷம்."

ட்ரேசி என் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். நான் குடித்திருக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கவலையாக இருந்தது. அவள் என்னை முதலுதவிக் கூடாரத்துக்கு அனுப்ப வாயெடுத்த நேரத்தில் அவள் தோளில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. கிழக்குப் பக்க மாடிப்படியில் காவல் நிற்கும் மிக் என்பவரின் குரல். ஒரு பெரியவர் தரை டிக்கெட்டை வைத்துக்கொண்டு எப்படியோ மேலே ஏறி வந்து, தன் சீட்டில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று படியை அடைத்துக்கொண்டு நிற்கிறார், ஒரு அம்மாளுக்காகக் காத்திருக்கிறாராம், அந்த அம்மாள் வராமல் நகரமாட்டாராம் என்று மிக் புலம்பினார்.

"அந்தம்மா பேரு என்னவாம்?" என்றாள் ட்ரேசி.

"அதான் கூத்து. தெரியாதாம்."

ட்ரேசி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் பொத்தானை அழுத்தி, "அந்தம்மா எப்படி இருப்பாங்கன்னு கேளு," என்றாள். நான் இங்கே நிற்பதை அவள் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கடவுள் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

கொஞ்சம் இரைச்சலுக்குப் பிறகு அவர் குரலே வந்தது. மிக் வாக்கிடாக்கியையே அவர் வாய்க்கு நேரே பிடித்திருக்க வேண்டும்.

"எப்படின்னா... குள்ளமா இருப்பாங்க. ஆனா கத்துனா குள்ளம்னு தோணாது. ரொட்டியில பாதி குடுப்பாங்க. நாம தோத்துக்கிட்டு இருந்தாக்கூட கடைசி நிமிஷம் வரைக்கும் எந்திரிச்சுப் போகமாட்டாங்க. பெனால்டின்னா மட்டும் கண்ண இறுக்கி மூடிக்குவாங்க."

"இது போதாதுங்க. முகம் எப்படி இருக்கும்?" என்று மிக் நடுவில் கேட்டது காதில் விழுந்தது.

"முகம் நல்லாத் தெரியும். அவங்க கண்ண மூடிக்கிட்டா நான் பெனால்டியப் பாக்குறதில்ல. அவங்களத்தான் பாப்பேன். அப்பதானே தைரியமாப் பாக்கலாம்."

நான் பெனால்டிகளைப் பார்த்ததே இல்லை. கூட்டத்தின் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பெனால்டி, அத்தனை தடவையும் எனக்குப் பக்கத்தில் ஒருவர் ஆட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி நின்றிருக்கிறார். கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் என்ன? தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்? வீட்டம்மாவா?" என்றார் மிக்.

"இல்லப்பா. கோல் விழுந்தா நான் மொதல்ல திரும்புற பக்கம் அவங்க இருப்பாங்க. அதுக்கு என்ன பேரோ, அத வச்சுக்க."

ட்ரேசி தன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "இங்க நின்னு அழாதீங்க, கண்ணு, கூட்டம் வழுக்கி விழும்," என்றாள். வாக்கிடாக்கியில், அந்த ஆளை அங்கேயே பிடித்து வை, அசைய விட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று மிக்கிடம் சொன்னாள். என் முழங்கையைப் பிடித்து வேலையாட்கள் போகும் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு ஏறினாள். எத்தனை மாடி ஏறினோம் என்று எனக்குத் தெரியாது. ஆட்ட நாளில் அந்த உயரம் ஏற நான் நான்கு தடவை நின்று மூச்சு வாங்குவேன்.

மேலே, எங்கள் வரிசைக்குப் போகிற வாசலில் அவர் நின்றிருந்தார். இளஞ்சிவப்புத் தொப்பி அந்தக் காதுகளுக்கு மேல் இறங்காமல் உச்சியில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்கு வராது. கீழே நின்றா தேடினீர்கள், நான் மேலே நின்று தேடினேனே, டிக்கெட்டைப் படிக்கத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா என்று இருவரும் ஒரே நேரத்தில் பேசினோம். தன் மகளிடம் என்னை 'ஹாம் ரொட்டி அம்மா' என்றுதான் சொல்லியிருப்பதாகவும், அவள் அதற்குத் திட்டாத நாளில்லை என்றும் சொன்னார்.

"நீங்க பேசினது கேட்டுச்சு," என்றேன். "எல்லாமே."

அவர் மிக்கைத் திரும்பிப் பார்த்தார். மிக் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை ரொம்ப அக்கறையாகச் சோதித்துக்கொண்டிருந்தார். என் பக்கத்து சீட்டுக்காரரின் பெரிய காதுகள் இரண்டும் தொப்பியின் நிறத்துக்கு வந்துவிட்டன.

"உங்க பேரு என்ன?" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பாடகியின் பெரிய பாட்டு ஆரம்பித்தது. ஐம்பதாயிரம் பேர் ஒரே மூச்சில் சேர்ந்து பாட, கூரைத் தகரம் அதிர்ந்தது. அவர் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கேட்ட மாதிரித் தலையாட்டிவிட்டுப் புன்னகை செய்வது எனக்கு எவ்வளவு சுலபம். அப்படித் தலையாட்டியே நான் ஒரு கல்யாண வாழ்க்கையை ஓட்டியிருக்கிறேன்.

"கேக்கல," என்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "காதுல சொல்லுங்க."

அவர் குனிந்து, தொப்பி என் தொப்பியில் இடிக்க, காதில் சொன்னார். நெவில்.

நான் அதை ஒரு தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். நான் பெவர்லி என்று சொன்னேன். அவரும் வாயை அசைத்துச் சொல்லிப் பார்த்தார். அதற்குமேல் தள்ளிப்போட்டால் நான் பழைய பெவர்லியேதான்.

"போகாதீங்க, நெவில்."

கீழே மைதானம் முழுக்க போன்களின் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. எங்கள் சீட்டில் இருந்த பெண்கள் எழுந்து நின்று ஆடினார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"மக ரூமுக்கு வெள்ளையடிச்சு கட்டில் வரைக்கும் வாங்கிப் போட்டுட்டா," என்றார். "இத யாரு அவகிட்ட சொல்றது?"

"போனக் குடுங்க, நான் சொல்றேன்," என்று கையை நீட்டினேன். "மொதல்ல அவ பேரு என்னன்னு சொல்லுங்க."